வெறுங்கை வாத்தியார்

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள். நடப்பது அரை மணி நேரம், பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது ஒரு மணி நேரம். போன வாரம் ஒரு நண்பர் தன் கைபேசியில் ஒரு சீனப் பெரியவரைக் காட்டினார். எண்பது வயதிருக்கும். நாலு வாலிபர்கள் ஓடிவந்து மோதுகிறார்கள். பெரியவர் கையை லேசாக அசைக்கிறார், நாலு பேரும் நாலு திசையில் போய் விழுகிறார்கள். "உள்சக்திங்க இது. 'சி'ன்னு சொல்றாங்க. நம்ம பிராணன்தான்" என்றார் நண்பர். இன்னொருவர் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "விழறதுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு காசு குடுத்திருப்பான்" என்றார்.

நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. உள்வலிமை என்று ஒன்று உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொடாமல் ஆளை விழவைக்கும் வித்தையாக அதை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நான் பார்த்தது எங்கள் ஊர்க் களத்துமேட்டில், வெண்ணாற்றுப் பாசனத்தில், 1964-க்கும் 1968-க்கும் இடையில். அதற்குப் பெயர் குத்துவரிசை. கற்றுக் கொடுத்தவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்.

குத்துவரிசை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலம்பம் கம்பை வைத்து ஆடுவது. கம்பு இல்லாதபோது, அல்லது கம்பு கையை விட்டுப் போனபோது, வெறுங்கையும் காலும் வைத்துச் சமாளிப்பது குத்துவரிசை. குத்து, தட்டு, பிடி, பூட்டு என்று பல பிரிவு. பெரும்பாலான வாத்தியார்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பார்கள். கராத்தே, குங்ஃபூ எல்லாம் சினிமா வழியாக நம் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்னாலேயே இருந்தது.

எவ்வளவு காலம் முன்னால் என்று கேட்டால், போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போய் ஷாவொலினில் கற்றுக் கொடுத்தார் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 2011-இல் '7ஆம் அறிவு' படம் வந்த பிறகு இதைச் சொல்லாத ஆளில்லை. அவரையும் சண்டைக் கலையையும் சேர்த்துச் சொல்லும் சீன நூல்கள் அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டவை. எனவே அந்தப் பெருமையை நான் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. நம் சோழ நாட்டுக் கதையே ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்று ஓர் இளவரசன். அப்பா தித்தன் உறையூரில் இருந்தவன். இருவருக்கும் பிணக்கு. மகன் ஆமூர் என்ற ஊரில் அங்கே பேர்பெற்ற மல்லன் ஒருவனோடு மற்போர் செய்து அவனை வீழ்த்துகிறான். சாத்தந்தையார் என்ற புலவர் அதைப் பாடுகிறார் (80-ஆம் பாட்டு). ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கிறது, இன்னொரு கால் பின்னால் நின்று அவன் செய்யும் உபாயத்தைத் தடுக்கிறது என்று காலைத்தான் அவர் முதலில் பார்க்கிறார். அவன் அப்பா பாராட்டினாலும் சரி, பாராட்டாவிட்டாலும் சரி, இதை வந்து ஒரு தடவை பார்க்கட்டுமே என்று வேறு சொல்கிறார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

அப்புறம் மாமல்லன் என்று பட்டம் வைத்துக்கொண்ட பல்லவன் நரசிம்மவர்மன் (630–668). அவன் பெயரில்தான் மாமல்லபுரம். தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். குஸ்தி, பயில்வான், தண்டால், பஸ்கி என்று நாம் இன்றும் சொல்கிற சொற்கள் எல்லாம் வடக்கேயிருந்து வந்து இங்கே குடியேறியவை. வித்தைக்கு ஊர் எல்லை கிடையாது.

எங்கள் வாத்தியாரிடம் வருகிறேன். அவர் பெயரை எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த தெருவில் அவர் குடியிருந்தார். நான் சேர்ந்தபோது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. பயில்வான் என்று சொல்ல அவர் உடம்பில் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் பண்ணையாளாக இருந்தவர். முதுகில் வலது தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு தழும்பு. சாட்டை. எங்கள் ஜில்லாவில் அது ஒன்றும் அபூர்வமான தழும்பு இல்லை என்பது இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

எங்கள் தெருவிலிருந்து நானும் இன்னொரு பையனும், அவர் தெருவிலிருந்து ஆறு பேர். எங்களைச் சேர்த்துவிட்டவர் என் தாய்மாமன். சிவப்புத் துண்டுக்காரர். அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். தெரு வேறு களம் வேறு என்று முதல் நாளே வாத்தியார் சொல்லிவிட்டார். "வெளில நீங்க தம்பி. வாங்க போங்கன்னுதான் சொல்லுவேன், ஒங்க தெரு வழக்கம் அது. களத்துல நான் வாத்தியார். ஒதைக்கவும் ஒதைப்பேன்." வெற்றிலை பாக்கில் ஒன்றேகால் ரூபாய் வைத்துக் கொடுத்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, அப்புறம் அவர் காலைத் தொட வேண்டும். எங்கள் தெருப் பையன்கள் அவரை, அப்பா வயதுக்காரரை, பெயர் சொல்லி 'வாப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம். காலைத் தொட்ட விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது பாட்டி என்னைக் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள். தை பனிக்காலம். நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வகுப்பு தை பாதியில் ஆரம்பித்துப் பங்குனி வரை நடக்கும். சம்பா அறுப்பு முடிந்து களம் காலியாகும் நாட்கள். நிலா இருந்தால் இரவில். முதல் இரண்டு மாதம் கைக்கு வேலையே கிடையாது. நிற்பது, நடப்பது, விழுவது, எழுந்திருப்பது. அவ்வளவுதான். தமிழில் காலுக்கும் அடி என்று பெயர், அறைக்கும் அடி என்று பெயர், மரத்தின் கீழ்ப்பாகத்துக்கும் அடி என்றுதான் பெயர். இதையெல்லாம் நான் பிற்பாடு யோசித்தேன். அவர் சொன்னது, "கால்ல இல்லாதது கைக்கு எங்கேருந்துடா வரும்?" என்பது மட்டும்தான்.

வாய்க்கால் வற்றும் நேரத்தில் முழங்கால் சேற்றில் இறக்கிவிடுவார். அங்கே நகர வேண்டும், தண்ணீர் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் தலையில் ஒரு குட்டு. பின்னால் நகர்வதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டம். பின்வாங்கும்போது உடம்பு பயந்துபோய்க் குதிகாலில் விழும். அதற்கு அவர் காட்டிய குரு யார் தெரியுமா? நடவு நடும் பெண்கள். குனிந்தபடி நாள் முழுவதும் பின்னாலேயே நகர்ந்து போகிறார்கள், ஒருத்திகூட விழுவதில்லை, முடிச்சு கலைவதில்லை. "பின்னால போறது எப்படின்னு அவங்கள்ட்ட கத்துக்கோ. முன்னால போக நாய்க்குக்கூடத் தெரியும்."

மூச்சுக்கும் அவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே ஒரு கணக்கு. நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று ஆரம்பித்து ரெண்டு, மூணு என்று போவார்கள் அல்லவா? அப்படி மனசுக்குள் அளந்துகொண்டே மூச்சை விட வேண்டும். "லாபம்" என்னும்போது கால் கிளம்ப வேண்டும், அந்த மூச்சு முடிவதற்குள் மூன்றாவது அடி விழுந்திருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பலம் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. "தம் கட்டுறவன் பொம்மை. தள்ளுனா அப்படியே சாய்வான்" என்பார். மூட்டை தூக்குகிறவர்களைப் பாருங்கள், தூக்கும்போது மூச்சை வெளியேதான் விடுவார்கள். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுக் கணக்கை விரிவாகச் சொல்கிறார், அவர் இருந்ததாகச் சொல்லும் திருவாவடுதுறை எங்கள் ஊரிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை. வாத்தியார் அங்கே தேர் பார்க்கப் போயிருக்கலாம். நூலைக் கேட்டிருக்க மாட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த இடம். இரண்டாவது வருஷம்தான் எனக்கு இது புரிய ஆரம்பித்தது. எட்டுப் பேருக்கும் ஒரே பாடம் அவர் நடத்தவில்லை.

ஜோடி சேர்த்து நிறுத்துவார். எங்கள் தெருப் பையன் ஒருவன், அவர் தெருப் பையன் ஒருவன். கையை ஓங்கு என்பார். நாங்கள் ஓங்கினால் எதிரே நிற்பவன் கழுத்து தானாகக் குனியும். நல்ல திடகாத்திரமான பையன், என்னைத் தூக்கி எறியக்கூடியவன், என் கை மேலே போனதும் தோள் சுருங்கி, கண் தரைக்குப் போய்விடும். அவர்கள் ஓங்க வேண்டிய முறை வந்தால் கை பாதி வரை வந்து நின்றுவிடும். எங்கள் இருவருக்கோ கை சொல்லாமலே ஓங்கும். யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து வந்தது. அவர்களுக்கும் அப்படியே, குனிவது பார்த்துப் பார்த்து வந்தது.

அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வருஷம் முழுவதும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பாடம். எதிராளி முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் குத்து வந்து நிற்கும். விலகலாம், நகரலாம், கையை எடுக்கக் கூடாது. கோபம் மண்டைக்கு ஏறும். ஏறட்டும் என்பார். கையை எடுக்காமல் எத்தனை மூச்சு நிற்கிறாய் என்று எண்ணச் சொல்வார். அந்த ஆறு பேருக்கும் வேறு பாடம். முகவாயைத் தாழ்த்தாமல், கண்ணை இமைக்காமல், எங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓங்கிய கையைப் பார்க்கக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு பையனுக்கு அது வர மூன்று மாதம் ஆயிற்று. வந்த அன்று இரவு அவன் அழுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதினைந்து வயதில் அதெல்லாம் கேட்கத் தோன்றாது.

உள்வலிமையைப் பற்றிய புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. நானும் படிக்கிறேன். ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-இல் ஜூடோவை ஆரம்பித்தவர், அந்த 'ஜூ' என்ற சொல்லுக்கே மென்மை, வளைந்து கொடுத்தல் என்றுதான் பொருள். அங்கேயும் முதலில் விழக் கற்றுத் தருகிறார்கள், படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐகிடோவை உண்டாக்கிய உயெஷிபா மோரிஹெய் எதிரியையும் காயப்படுத்தாமல் காப்பதே கலை என்றார். எல்லாம் சரி. ஆனால் எல்லாப் புத்தகமும் அடங்கு, விட்டுக்கொடு, கோபத்தைக் கரை என்றே சொல்கிறது. அடங்கி அடங்கியே கூன் விழுந்தவனிடம் போய் இதைச் சொல்லலாமா? சோறு போட்டுப் பழகியவனுக்குச் சொல்ல வேண்டிய விரதத்தைப் பட்டினி கிடப்பவனுக்குச் சொல்வது போல இல்லையா? எங்கள் வாத்தியார் எந்தப் புத்தகமும் படிக்காமல் இதைப் பிரித்து வைத்திருந்தார். அவர் கணக்கில், உடம்பு தெரியாமல் கற்றுக்கொண்டதை, தெரிந்தே மறக்கடிப்பதுதான் முதல் வேலை. ஒருத்தனுக்கு அது ஓங்கும் கை, ஒருத்தனுக்கு அது குனியும் கழுத்து.

இதை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். 1940-களில் பி. சீனிவாசராவ் கன்னட நாட்டிலிருந்து வந்து நம் ஜில்லாவில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார். சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக. அடிப்பவனைத் திருப்பி அடி என்று அவர் சொன்னதை என் தாய்மாமன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாத்தியார் அந்தக் கூட்டங்களுக்குப் போனவர். அவருடைய வாத்தியாரிடம் கற்ற குத்துவரிசையும் அந்தக் கூட்டங்களில் கேட்டதும் சேர்ந்துதான் களத்துமேட்டுப் பாடம் ஆகியிருக்க வேண்டும். நான் கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொன்னதில்லை.

கடைசிப் பாடம் வர்மம். வர்மம் 108 என்பார்கள், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. உயிருக்கு ஆபத்தான இடங்கள் முதல் வகை. அதில் எதையும் அவர் எங்களுக்குக் காட்டவில்லை. கட்டாயப்படுத்திக் கேட்டபோது, "எழுப்பத் தெரிஞ்சவனுக்குத்தான் படுக்க வைக்கிற எடத்தச் சொல்லணும்னு எங்க வாத்தியாரு சத்தியம் வாங்கியிருக்காரு" என்றார். வர்மக்காரர்கள் ஆளை மீட்டெடுக்கும் இடங்களுக்கு அடங்கல் என்று பெயர் சொல்வார்கள். அதில் ஒன்றிரண்டு மட்டும் காட்டினார்.

அதை நேரில் பார்க்கவும் நேர்ந்தது. 1966 என்று நினைவு. அந்தக் காலத்தில் அவரைச் சாட்டையால் அடித்தது பண்ணைக் காரியக்காரர் ஒருவர். அவர் அப்போது கிழவர், பண்ணையும் கரைந்துபோயிருந்தது. வைக்கோல்போர் மேலே ஏறிக் கூரை வேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சறுக்கி மல்லாந்து விழுந்தார். வாய் திறந்திருக்கிறது, மூச்சு வரவில்லை. கண் செருகுகிறது. பெண்கள் கத்துகிறார்கள். யாரோ ஓடிப்போய் வாத்தியாரைக் கூட்டி வந்தார்கள். அவர் அவசரப்படவே இல்லை. கிழவரைத் தூக்கி உட்காரவைத்து, முதுகில் முழங்காலைக் கொடுத்து, இரண்டு தோளையும் பின்னால் இழுத்து, விலாவில் எங்கேயோ கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து. விக்கல் மாதிரி ஒரு சத்தம். மூச்சு வந்துவிட்டது. (இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். இப்போது வர்மமும் 108, ஆம்புலன்ஸும் 108. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.)

அன்று இரவு களத்தில் அந்த அழுத பையன் கேட்டான், அவரை ஏன் எழுப்பினீர்கள் என்று. "மூச்சு நின்னு கெடக்கும்போது அது யாரு மூச்சுன்னு பாத்தா கை பிசகும்டா" என்றார். எல்லோரும் பேசாமல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா செய்யல. ரெண்டு மரக்கா நெல்லு கூலி கேட்டேன். ஆள் வெச்சுக் குடுக்கக் கூடாது, நீங்களே அளந்து போடணும்னேன். வாசத் திண்ணையில வெச்சு அளந்தாரு. லாபம்னு சொல்லும்போது கொரல் நடுங்குச்சு" என்றார். சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

இதை மன்னிப்பு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கூலி வாங்கினேன் என்றுதான் சொன்னார்.

வெறுங்கைக்கு எல்லை உண்டு என்பதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெண்கள், குழந்தைகள், வயசாளிகள். அப்போது எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லாதான். அந்தத் தை மாதம் வாத்தியார் வகுப்பு ஆரம்பிக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து வரிச்சு சீவிக்கொண்டிருந்தார். "ஒரு ஆளுக்கு நிக்கத் தெரிஞ்சா போதாது தம்பி. தெருவே சேந்து நிக்கணும். அத எந்தக் களத்துல சொல்லிக் குடுக்குறது?" என்றார். அதன் பிறகு என் படிப்பு, வேலை என்று ஊரை விட்டு வந்துவிட்டேன். பாடம் அத்தோடு நின்றது.

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். அங்கே குத்துவரிசைக்கு என்ன வேலை என்பீர்கள். எண்பதுகளின் நடுவில், மேட்டூர் தாமதமாகத் திறந்த ஒரு வருஷம், நான் ஆர்.ஐ. முறைப்பாசனம் போட்டிருந்தது. தலைமடைக்காரர்கள் இரவோடு இரவாக ஷட்டரை இறக்கிவிட்டார்கள், கடைமடைக்காரர்கள் ஏற்ற வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நாற்பது ஐம்பது பேர், கையில் மண்வெட்டி. மதகு மேலே நான், கிராம நிர்வாக அலுவலர், லஸ்கர். போலீஸுக்குச் சொல்லியாயிற்று, வரும்போதுதான் வரும். லஸ்கர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஓர் ஆள் மண்வெட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு மதகுப் படி ஏறினான். லாந்தர் வெளிச்சத்தில் நான் பார்த்தது அவன் காலை. அடிக்கப் போகிறவனுக்குக் குதிகால் முதலில் கிளம்பும், கை அப்புறம்தான். இது இரண்டாவது வருஷப் பாடம். அவன் குதிகால் தரையில் அப்படியே பதிந்திருந்தது. மண்வெட்டி மேலே இருக்கிறதே தவிர ஆள் இன்னும் முடிவு பண்ணவில்லை. எனக்கு வயிறு கலங்கியது நிஜம். மூச்சை லாபம், ரெண்டு, மூணு என்று விட்டேன். இரண்டு கையையும் விரித்து வெளிச்சத்தில் காட்டினேன். "உக்காந்து பேசலாம் வாங்க" என்று சொல்லிவிட்டு மதகுக் கட்டையில் நான் முதலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனை நின்றுகொண்டு அடிப்பது நம் ஜனங்களுக்குக் கொஞ்சம் கூச்சமான காரியம். அவன் மண்வெட்டியை இறக்கி ஊன்றிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வந்த ஒரு பெரியவர் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் எல்லாம் பேச்சுதான். விடிவதற்குள் பாதி இரவு இவர்களுக்கு, பாதி இரவு அவர்களுக்கு என்று முடிந்தது. ஒரு வாரத்தில் மறுபடியும் தகராறு வந்தது, அது வேறு விஷயம். அன்று இரவு யார் மண்டையும் உடையவில்லை.

இப்போது எழுபதைத் தாண்டியாயிற்று. நம் வயதில் சண்டை எல்லாம் தரையோடுதான். போன மழைக்காலத்தில் கொல்லைப்புறப் பாசியில் கால் வழுக்கியது. கையை ஊன்றாமல், முகவாயை நெஞ்சில் புதைத்து, பக்கவாட்டில் உருண்டு விழுந்திருக்கிறேன். நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. இடுப்பில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "நல்லா விழுந்திருக்கீங்க சார்" என்றார். என் மனைவி இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். வைக்கோல் பரப்பிய களத்தில் இரண்டு மாதம் விழுந்த விழுகைக்கு அறுபது வருஷம் கழித்து மார்க் கிடைத்திருக்கிறது.

வாத்தியார் தொண்ணூறுகளில் காலமானார். அந்தக் களத்துமேட்டில் இப்போது சிமெண்டு போட்டு நெல் காயவைக்கிறார்கள், வகுப்பு எதுவும் நடப்பதில்லை. சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அதையும் ஒரு செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். குத்துவரிசைக்கு அப்படி ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரு சேதி. வாத்தியாரின் மகள் வழிப் பேத்தி தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். இருபது பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண் குழந்தைகள். வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்த ஓர் அம்மா என்னையும் யாரோ தாத்தா என்று நினைத்துக்கொண்டு குறைப்பட்டார்: "ரெண்டு மாசம் ஃபீஸ் கட்டியாச்சு சார். இன்னும் கம்பையே கையில குடுக்கல. தெனம் நிக்க வெக்கிறாங்க, பின்னால நடக்க விடறாங்க. கேட்டா, இருங்கம்மாங்கறாங்க."